கோபக்கார மீன்களைக் கூட்டாக வளர்ப்பது எப்படி? சிக்லிட் தொட்டி வைக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்த வண்ண மீன் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு தொட்டி நம் கண்ணைப் பிடித்து இழுக்கும். மஞ்சள், நீலம், ஆரஞ்சு என்று விரல் நீள மீன்கள் அதில் கூட்டமாக நீந்திக்கொண்டிருக்கும். 'ஆப்பிரிக்க சிக்லிட், கலவை' என்று ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். கடல் மீனைப் போன்ற நிறம். ஆனால் குழாய்த் தண்ணீரிலேயே வாழும். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள் என்று ஆறேழு மீன்களைப் பையில் கட்டி வாங்கி வந்து, வீட்டிலிருக்கும் இரண்டடித் தொட்டியில் விடுகிறோம்.

முதல் இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் ஒன்றின் வால் கிழிந்திருக்கும். ஒரு வாரத்தில் இரண்டு செத்து மிதக்கும். மாதம் முடியும்போது பெரும்பாலும் ஒரே ஒரு மீன்தான் மிஞ்சும். தொட்டி முழுவதும் தனக்கே சொந்தம் என்பதுபோல அது உலா வரும். அதன்பிறகு எந்த மீனை விட்டாலும் கொன்றுவிடும். சலித்துப்போன வீட்டுக்காரர் கடைசியில் அதை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு பக்கத்துச் சுங்கையையோ பழைய ஈயக் குட்டையையோ தேடிப் போகிறார். கொல்ல மனமில்லை, விட்டால் புண்ணியம் என்று நினைக்கிறார்.

இந்தக் கதையின் முதல் பாதியும் தவிர்க்கக்கூடியது; இரண்டாம் பாதியும் தவிர்க்கக்கூடியது. சிக்லிட் மீன்கள் சண்டை போடுவது இடத்துக்காக. அந்த இடத்தை நாம் சரியாகப் பிரித்துக் கொடுத்தால் இருபது மீன்கள்கூட ஒரே தொட்டியில் ஆண்டுக்கணக்கில் வாழும். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

நமக்குப் பழக்கமான குடும்பம்தான்

சிக்லிட் என்ற பெயர் புதிதாகத் தோன்றலாம். ஆனால் இந்தக் குடும்பத்து மீனைச் சாப்பிடாத தோட்டத்து வீடு இருக்காது. தலப்பியா ஒரு சிக்லிட். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மீன், ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பிறகு ஈயக் குட்டைகளிலும் தோட்டத்துக் கால்வாய்களிலும் தானாகவே பெருகிவிட்டது.

தமிழர்களுக்கு இன்னும் பழைய உறவும் உண்டு. கேரளத்துக் காயல்களிலும் பழவேற்காடு ஏரியிலும் இலங்கையின் களப்புகளிலும் வாழும் கரிமீன், ஆசியாவிலுள்ள மிகச் சில சிக்லிட் இனங்களில் ஒன்று. கேரள அரசு 2010இல் அதை மாநில மீனாக அறிவித்தது. அழகுக்காக வளர்க்கும் ஏஞ்சல் மீனும், பினாங்கு வளர்ப்பாளர்களுக்கு உலக அளவில் பெயர் வாங்கித் தந்த டிஸ்கஸ் மீனும் இதே குடும்பம்தான்.

நம் நாட்டிலேயே பிறந்த சிக்லிட்டும் உண்டு. நெற்றியில் பெரிய புடைப்போடு இருக்கும் லோஹான் மீன், 1990களின் பிற்பகுதியில் மலேசியாவில் மத்திய அமெரிக்கச் சிக்லிட்களையும் தைவானில் உருவான கிளி மீனையும் கலந்து உருவாக்கப்பட்டது. புடைத்த நெற்றி நீண்ட ஆயுளையும், உடலிலுள்ள கரும்புள்ளிகள் அதிர்ஷ்ட எழுத்துகளையும் குறிப்பதாகச் சீனர்கள் நம்பியதால் 2000களின் தொடக்கத்தில் அதன் விலை எங்கேயோ போனது. மோகம் தணிந்ததும் பலரும் அதைக் கைவிட்டார்கள். இன்று மலேசிய ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் லோஹான் பிடிபடுவதற்கு அதுவே தொடக்கம்.

உலகில் 1,700க்கும் மேற்பட்ட சிக்லிட் இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் மட்டும் பல நூறு இனங்கள் இருக்கின்றன. கடையில் 'கலவை' என்று விற்கப்படும் வண்ண மீன்கள் பெரும்பாலும் அந்த ஏரியின் பாறைக் கரைகளைச் சேர்ந்தவை. அங்கே அவற்றுக்கு 'ம்புனா', அதாவது பாறை மீன், என்று பெயர்.

ஏன் இந்தச் சண்டை?

மலாவி ஏரியின் பாறைகளில் படரும் பாசிதான் ம்புனாவின் சோறு. ஓர் ஆண் மீனுக்குப் பாறையில் ஓர் இடுக்கும் அதைச் சுற்றி ஒரு துண்டு பாசிநிலமும் இருந்தால்தான் வயிறும் நிறையும், பெண் மீனும் வரும். அதனால் எல்லைக்குள் யார் வந்தாலும் விரட்டும். தன் இனத்தைச் சேர்ந்த, தன்னைப்போன்ற நிறமுள்ள ஆண் வந்தால் கோபம் இரட்டிப்பாகும். காரணம், அதுதான் நேரடிப் போட்டியாளன்.

ஏரியில் தோற்ற மீன் பத்தடி தள்ளி நீந்திப் போய்விடும். சண்டை அத்தோடு முடிந்தது. தொட்டியில் ஓட இடமில்லை. தோற்ற மீன் இன்னும் கண்ணெதிரே நிற்கிறது என்றால், வென்ற மீனின் கணக்குப்படி சண்டை இன்னும் முடியவில்லை. வீட்டில் நாம் பார்க்கும் சாவுகளில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது.

இரண்டாவது காரணம் பிள்ளைப் பாசம். சிக்லிட்கள் முட்டையிட்டுவிட்டு ஓடிப்போகும் மீன்கள் அல்ல. ம்புனாப் பெண் மீன் முட்டைகளை வாயில் வைத்து ஏறத்தாழ மூன்று வாரம் சாப்பிடாமல் அடைகாக்கும். அமெரிக்கச் சிக்லிட்களில் தாயும் தகப்பனும் சேர்ந்து குஞ்சுகளைக் காவல் காக்கும். 1973இல் நோபல் பரிசு பெற்ற ஆஸ்திரிய அறிஞர் கோன்ராட் லோரென்ஸ், 1949இல் வெளியான தம் நூலில் ஒரு காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு தகப்பன் சிக்லிட் வாயில் புழுவை மென்றுகொண்டிருந்தபோது, வழிதவறிய குஞ்சு ஒன்றைக் கண்டு அதையும் வாயில் எடுத்துக்கொண்டது. இப்போது வாயில் விழுங்க வேண்டியது ஒன்று, காக்க வேண்டியது ஒன்று. சற்று நேரம் அசையாமல் நின்ற மீன் இரண்டையும் வெளியே துப்பியது. குஞ்சின்மேல் ஒரு கண் வைத்தபடியே புழுவைத் தின்றது. பிறகு குஞ்சை எடுத்துக்கொண்டு கூட்டுக்குப் போனது.

இவ்வளவு யோசிக்கும் மீனுக்கு நினைவும் உண்டு. பிற மீன்கள் போடும் சண்டையைப் பார்த்தே யார் யாரைவிட வலியவர் என்று சிக்லிட்கள் கணித்துவிடுகின்றன என்பதை 2007இல் நேச்சர் ஆய்விதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே ஒரு தொட்டியில் யார் பெரியவர் என்ற வரிசை ஒருமுறை உறுதியாகிவிட்டால் சண்டை பெரிதும் குறைந்துவிடும். பழகிய அண்டை வீட்டாரை அவை பொறுத்துக்கொள்ளும்; புதிதாக வருபவரைத்தான் அடிக்கும். தொட்டி அமைப்பின் எல்லா விதிகளும் இந்த உண்மைகளிலிருந்தே பிறக்கின்றன.

தொட்டி: நீளமே முக்கியம்

உயரமான தொட்டி பார்க்க அழகு. ஆனால் சிக்லிட் எல்லை போடுவது தரையில். ஆகவே நீளமும் அகலமும்தான் கணக்கு. ம்புனாக் கூட்டுத் தொட்டிக்கு நான்கடி நீளம் குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொள்ளளவைக் கணக்கிடுவது எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 120 × 45 × 45 என்றால் 243 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கண்ணாடி, கற்கள், தாங்கி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டிவிடும். நான்கு ஐந்து பேர் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்பதற்குச் சமம். அடுக்குமாடி வீடுகளில் இருப்போர் தொட்டியைக் கூடத்தின் நடுவில் வைக்காமல் தாங்கு சுவரை ஒட்டி வைக்க வேண்டும். ஆறடித் தொட்டி, அதாவது 600 லிட்டருக்கு மேல், வைக்க நினைப்பவர் முதலில் கட்டட நிர்வாகத்திடம் கேட்டுவிடுவது நல்லது. அலமாரியோ பழைய மேசையோ தாங்காது. தொட்டிக்கென்றே செய்த இரும்புத் தாங்கி வேண்டும். தொட்டிக்கும் தாங்கிக்கும் இடையே மெல்லிய நுரைத் தகடு போட்டால் மேடு பள்ளத்தால் கண்ணாடி விரிசல் விடாது.

வெயில் படும் இடம் ஆகாது. பாசி பிடிக்கும், தண்ணீரும் சூடேறும். சாமி மேடைக்குப் பக்கத்திலும் வேண்டாம். காற்று மோட்டார் அறையின் காற்றைத்தான் உறிஞ்சித் தண்ணீருக்குள் தள்ளுகிறது. சாம்பிராணிப் புகையும் அதோடு போகும். அதைவிட ஆபத்து கொசு மருந்து. அந்த மருந்துகளில் உள்ள நஞ்சு மீனுக்கு மிகக் கொடியது. தாமானில் டிங்கிக்குப் புகை அடிக்க வருகிறார்கள் என்றால் காற்று மோட்டாரை நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடி, புகை கலைந்தபின் திறங்கள்.

மின்சாரத்திலும் கவனம் தேவை. மின்கம்பி நேராகச் சுவர்ப் பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும். கம்பி வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், பிளக்கைத் தொடாது. தொட்டிக்குள் கை விடுமுன் எல்லா சுவிட்சையும் அணையுங்கள்.

தண்ணீர்: ஆறு வாரப் பொறுமை

புதுத் தொட்டியில் மீன் சாவதற்குச் சண்டையைவிடப் பெரிய காரணம் அவசரம். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா வருகிறது, அது நஞ்சு. ஒருவகை நன்மை தரும் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இதன் தீமை குறைவு. வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் இது வெளியேறிவிடும். இந்தப் பாக்டீரியாக்கள் பில்டரில் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும்.

அதுவரை மீன் இல்லாமலே தொட்டியை ஓடவிடுங்கள். தினமும் சிறிது மீன் தீனி மட்டும் போட்டால் அது அழுகி அம்மோனியா உண்டாகி, பாக்டீரியாவுக்கு உணவாகும். கடையில் கிடைக்கும் சோதனைச் சொட்டு மருந்தால் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று காட்டிய பிறகே மீன் வாங்கப் போங்கள். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய பில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் காத்திருப்பு பாதியாகக் குறையக்கூடும்.

குழாய்த் தண்ணீரில் கிருமி நீக்கக் குளோரின் கலந்திருக்கிறது. அது மீனின் செவுளைக் கருக்கும். பில்டரிலுள்ள பாக்டீரியாவையும் கொல்லும். தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் குளோரின் நீக்கி மருந்து சேர்க்க வேண்டும்.

நம் வட்டாரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: தண்ணீர் வெட்டு. 2020 செப்டம்பரில் சுங்கை கோங் மாசுபட்டதால் கிள்ளான் பள்ளத்தாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்கு விநியோகம் நின்றது பலருக்கும் நினைவிருக்கும். அந்நாள்களில் தொட்டித் தண்ணீரை மாற்ற வேண்டாம். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலும் சாகாது. கெட்ட தண்ணீரில்தான் சாகும். விநியோகம் திரும்பியதும் முதலில் வரும் கலங்கிய நீரையும் தொட்டியில் விடாதீர்கள். ஒரு மூடிய பீப்பாயில் 70, 80 லிட்டர் எப்போதும் சேமித்து வைப்பது உத்தமம். மூடி இறுக்கமாக இருக்கட்டும். இல்லையென்றால் ஏடிஸ் கொசு குடியேறும்.

மலாவி ஏரியின் நீர் கடினமானது, சற்றே காரத்தன்மை கொண்டது. பிஎச் அளவு 8ஐ ஒட்டி இருக்கும். நம் ஆற்று நீர் மென்மையானது. பில்டருக்குள் ஒரு வலைப்பையில் பவளக்கல் துண்டுகளைப் போட்டு வைத்தால் அவை மெல்லக் கரைந்து இந்தக் குறையை ஈடுகட்டும். சூடேற்றும் கருவி நமக்குத் தேவையில்லை.

பில்டர் பெரியதாக இருக்கட்டும். நெருக்கமாக வளர்க்கும் தொட்டியில் மணிக்கு ஐந்திலிருந்து எட்டு மடங்கு நீர் சுழல வேண்டும். 240 லிட்டருக்கு மணிக்கு 1,500 லிட்டர் சுழற்றும் மோட்டார் போதுமானது. 30 வாட் மோட்டார் இரவு பகலாக ஓடினால் மாதத்துக்கு ஏறத்தாழ 22 யூனிட் மின்சாரம் ஆகும். மின்தடைக்காக பேட்டரியில் ஓடும் சிறு காற்று மோட்டார் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கல் அடுக்குவது: லயன் வீடு கட்டுவது போல

தோட்டத்து லயத்தில் ஒரே கூரையின்கீழ்ப் பல குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசல், ஒரு தடுப்புச் சுவர். அந்தச் சுவர் இல்லாவிட்டால் தினமும் ரகளைதான். தொட்டியிலும் அதேதான்.

முதலில் கனமான கற்களை அடிக்கண்ணாடியின்மேல் ஒரு நுரைத் தகடு போட்டு அதன்மேல் நேராக உட்கார வையுங்கள். பிறகு மணலைப் போடுங்கள். மணல்மேல் கல்லை வைத்தால் சிக்லிட் அடியில் பள்ளம் பறித்துக் கல்லைச் சரித்துவிடும். கண்ணாடி உடைவது இப்படித்தான். கற்களை மூன்று நான்கு குவியல்களாகப் பிரித்து, இடையில் நீந்த வெளிவிட்டு அடுக்குங்கள். ஒவ்வொரு குகைக்கும் இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரு வாசல் மட்டும் இருந்தால் அது ஒளியும் இடமாக இல்லாமல் பொறியாகிவிடும்.

அடுத்த விதி பார்வைத் தடை. தொட்டியின் ஒரு மூலையில் நிற்கும் மீனுக்கு மறுமூலை தெரியக் கூடாது. எதிரி கண்ணில் படாவிட்டால் பாதிச் சண்டை இல்லை. கல் வாங்க வசதியில்லையா? உடைந்த மண் பூந்தொட்டியும், புதிய பிவிசி குழாய்த் துண்டும் அதே வேலையைச் செய்யும். மீனுக்கு அழகு தேவையில்லை, மறைவு தேவை.

எந்த மீனோடு எந்த மீன்?

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். சிக்லிட் என்ற ஒரே பெயரில் விற்றாலும், ஒன்றாக வைக்கக் கூடாதவை நிறைய.

முதல் வகை, மலாவி ம்புனா. நான்கடித் தொட்டியில் மூன்று நான்கு இனங்களாக 15 முதல் 20 மீன்கள் வைக்கலாம். கேட்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், இவற்றைக் குறைவாக வைப்பதுதான் ஆபத்து. ஐந்தே மீன் இருந்தால் வலியது ஒன்று மெலிந்த ஒன்றைக் குறிவைத்து விரட்டும். இருபது இருந்தால் அடி பலருக்கும் பிரிந்துபோகும், ஒன்றும் சாகாது. நெருக்கம் கூடும்போது கழிவும் கூடும் என்பதால்தான் பெரிய பில்டர் வேண்டும் என்றோம். ஒவ்வோர் இனத்திலும் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கு நல்லது. ஒரே நிறமும் கோடும் உள்ள இரண்டு இனங்களைச் சேர்க்காதீர்கள். தொடக்கக்காரருக்கு 'மஞ்சள் லேப்' சாதுவான தேர்வு. மஞ்சளும் கருங்கோடும் கொண்ட ஆரட்டஸ் குஞ்சு பார்க்க அழகு. வளர்ந்தால் தொட்டிக்கே சண்டியர். கலவைத் தொட்டியில் அது அடிக்கடி கலந்திருக்கும், கேட்டு வாங்குங்கள்.

இரண்டாம் வகை, தாங்கனிக்கா ஏரியின் ஓட்டு மீன்கள். ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டாதவை. காலி நத்தை ஓட்டுக்குள் குடியிருக்கும். அதிலேயே குஞ்சு பொரிக்கும். மணலும் இருபது முப்பது நத்தை ஓடுகளும் போட்டால் இரண்டடித் தொட்டியே இவற்றுக்கு ஊர். அடுக்குமாடியில் இடமில்லாதவர்களுக்கும் பள்ளி அறிவியல் அறைக்கும் மிகப் பொருத்தம். கூட்டுக் குடும்பமாகவே வாழும். வேறு மீன்களைச் சேர்க்க வேண்டியதில்லை.

மூன்றாம் வகை, அமெரிக்கச் சிக்லிட்கள். ஓஸ்கார் 30 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். ஜாக் டெம்ப்சி என்ற மீனுக்கு 1919 முதல் 1926 வரை உலகக் கனரகக் குத்துச்சண்டை வீரராக இருந்தவரின் பெயரை வைத்திருக்கிறார்கள் என்றால் அதன் குணத்தை ஊகித்துக்கொள்ளலாம். இவற்றுக்கு நெருக்கடி உத்தி பலிக்காது. ஒவ்வொன்றுக்கும் விசாலமான இடம் வேண்டும். ஆறடித் தொட்டியும் நான்கைந்து மீன்களுமே பொருத்தம். ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் தொட்டியில் பாதி அவற்றுக்குத்தான். 'இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவது' என்பார்களே, அதை நேரில் பார்க்கலாம். அப்போது நடுவே ஒரு தடுப்புக் கண்ணாடி போடுவதைத் தவிர வேறு வழியில்லை. இவற்றை ஆப்பிரிக்க மீன்களோடு கலக்கக் கூடாது. நீரும் வேறு, தீனியும் வேறு, சண்டை போடும் முறையும் வேறு.

லோஹான் தனிக்காட்டு ராஜா. அதைக் கூட்டுத் தொட்டியில் வைக்க முயலாதீர்கள். கிளி மீனைப் பொறுத்தவரை, அதன் வாய் முழுதாக மூடாது. கடிபட்டால் திருப்பிக் கடிக்க முடியாது. ஆகவே ம்புனாவோடு விட்டால் அது பலியாடுதான். கப்பி, தங்க மீன் முதலியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தொட்டியைச் சுத்தப்படுத்தும் என்று ஈக்கான் பண்டாராயாவை விற்பார்கள். அது 40 சென்டிமீட்டருக்கு மேல் வளரும். சுத்தப்படுத்துவதைவிட அதிகமாகக் கழிக்கும். கண்ணாடியை நாமே துடைத்துக்கொள்ளலாம்.

விடும் முறையும் முதல் மாதமும்

எல்லா மீன்களையும் குஞ்சுப் பருவத்தில், ஏறத்தாழ ஒரே அளவில் வாங்குங்கள். முடிந்தால் ஒரே நாளில் விடுங்கள். அப்போது யாருக்கும் பழைய எல்லை இருக்காது. முடியாவிட்டால் சாதுவான இனத்தை முதலிலும் முரட்டு இனத்தைக் கடைசியிலும் விட வேண்டும்.

பின்னாளில் புதுமீன் சேர்க்கும்போது ஒரு தந்திரம் உண்டு. முதலில் கற்களை எல்லாம் இடம் மாற்றி அடுக்குங்கள். பழைய மீன்களின் எல்லைகள் அழிந்துவிடும். எல்லாரும் புதுக்குடித்தனம் போல மறுபடி இடம் தேட வேண்டியிருக்கும். பிறகு தீனி போட்டு, விளக்கை அணைத்துவிட்டு, பையை அரைமணி நேரம் மிதக்கவிட்டுப் புதுமீனை விடுங்கள். தனியாக ஒன்றை விடாதீர்கள். மூன்று நான்காக விடுங்கள்.

துரத்துவது, வாயோடு வாய் கடித்துத் தள்ளுவது, செதிலை விரிப்பது எல்லாம் இயல்பு. ஒரு மீன் தண்ணீரின் மேல்மூலையில் உடலைச் சாய்த்து நின்றால், துடுப்பைச் சுருட்டிக்கொண்டால், தீனிக்கு வராவிட்டால் அது அபாயம். அன்றைக்கே எடுத்துத் தனித் தொட்டியில் வையுங்கள். அடிபட்டதை எடுப்பதோடு நிற்காமல், அடித்ததை ஒரு வாரம் வெளியேற்றிப் பார்ப்பதும் பலன் தரும். அது திரும்பி வரும்போது அதன் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார்.

ம்புனா பாசி தின்னும் மீன், குடல் நீளம். மாட்டு இதயம், இரத்தப் புழு போன்றவற்றை அதிகம் கொடுத்தால் வயிறு வீங்கிச் சாகும். கீரை கலந்த தீனியே அதற்கு நல்லது. இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, நாளுக்கு இருமுறை போதும். வாரம் ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். நான்கடித் தொட்டிக்கு ஏழு வாளி. பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். இல்லையென்றால் ஆறு வாரம் வளர்த்த பாக்டீரியா ஆறு நிமிடத்தில் போய்விடும்.

ஆற்றில் விடுவது புண்ணியமா?

இவ்வளவும் செய்தபிறகும் ஒரு நாள் ஏதோ ஒரு மீன் பெரிதாகிவிடும், அல்லது நாம் வீடு மாறுவோம். அப்போது என்ன செய்வது என்பதை வாங்குமுன்பே முடிவு செய்ய வேண்டும்.

கிள்ளான் ஆறு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் நீளம். கோலாலம்பூரைக் கடந்து, பிரிக்பீல்ட்ஸை ஒட்டி ஓடி, பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலாம் வழியாகக் கிள்ளான் நகருக்கு வந்து கடலில் சேர்கிறது. பிரிக்பீல்ட்ஸ் சாக்கடையில் விடும் மீன் கிள்ளானுக்கும் வரலாம். குளிர் நாடுகளில் வெப்பமண்டல மீனை ஆற்றில் விட்டால் குளிர்காலம் அதைக் கொன்றுவிடும். நமக்குக் குளிர்காலம் இல்லை. பிழைக்கும், பெருகும், பிள்ளைகளைக் காவல் காத்து வளர்க்கும். தொட்டியில் நாம் வியந்த குணங்களே ஆற்றில் அதை வெல்ல முடியாத எதிரியாக்குகின்றன.

சான்றுகள் நம் கண்முன்னே இருக்கின்றன. 1990களில் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவரப்பட்ட பீகாக் பாஸ், மலாய்க்காரர்கள் 'ஈக்கான் ராஜா' என்று சொல்வது, அதுவும் ஒரு சிக்லிட். இன்று பல ஈயக் குட்டைகளில் அதுவே ராஜா. சின்ன உள்ளூர் மீன்கள் அதன் வாய்க்குப் போகின்றன. சிலாங்கூர் ஆறுகளில் ஈக்கான் பண்டாராயாவைப் பிடித்து அகற்ற மீன்வளத் துறையும் தன்னார்வலர்களும் மூட்டை மூட்டையாக உழைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவை எல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்தோ பண்ணையிலிருந்தோ வந்தவை.

இதில் சிக்லிட்களே பலியான கதையும் உண்டு. ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1950களில் நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். மீன்பிடித் தொழில் வளரும் என்பது எண்ணம். அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த ஏரிக்கே உரிய சிக்லிட் இனங்களில் ஏறத்தாழ 200 மறைந்துபோயின என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். உலகில் வேறெங்கும் இல்லாத மீன்கள் அவை.

நமக்கும் அப்படிச் சொந்த மீன்கள் இருக்கின்றன. வட சிலாங்கூர்ச் சதுப்புக் காட்டின் கருத்த நீரில் பெட்டா லிவிடா என்ற சிவப்புச் சண்டை மீன் வாழ்கிறது. உலகில் அதற்கு வேறு ஊர் கிடையாது. காடு சுருங்கி ஏற்கெனவே அழிவின் விளிம்பில் இருக்கிறது. தோட்டத்துக் கால்வாயில் ஒரு காலத்தில் பிள்ளைகள் கையால் பிடித்த சண்டை மீனும் செபாட்டும் இன்று எத்தனை இடத்தில் கிடைக்கின்றன என்று பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டம் உயிர் மீன்களை நாட்டுக்குள் கொண்டுவருவதைக் கட்டுப்படுத்துகிறது. பிரான்ஹா போன்றவை தடை செய்யப்பட்டவை. அரிதான மீன் என்று யாராவது இணையத்தில் விற்றால், வாங்குமுன் மீன்வளத் துறையிடம் கேட்பதில் தவறில்லை.

வேண்டாத மீனுக்கு நல்ல வழிகள் உண்டு. பல கடைகள் வளர்ந்த மீனைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். காசு தராவிட்டாலும் பரவாயில்லை. மீன் வளர்ப்போர் குழுக்களில் இலவசமாக அறிவித்தால் பெரிய தொட்டி உள்ள ஒருவர் வருவார். தீராத நோயில் துடிக்கும் மீனுக்குக் கால்நடை மருத்துவரின் உதவியை நாடலாம். கழிவறையிலும் சாக்கடையிலும் விடுவது ஆற்றில் விடுவதேதான். மீன் போனபின் காலித் தொட்டியைக் கவிழ்த்து வைக்க மறக்காதீர்கள். தேங்கிய மழைநீரில் ஏடிஸ் முட்டையிட்டால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டப்படி அபராதம் நமக்குத்தான்.

ஆகவே கடைக்குப் போகுமுன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளுங்கள். இந்த மீன் வளர்ந்தால் எவ்வளவு நீளம்? என் தொட்டியில் அதற்கு எத்தனை மறைவிடம்? என்னால் முடியாமல் போனால் இதை யார் வாங்கிக்கொள்வார்? மூன்றுக்கும் விடை இருந்தால் தைரியமாகத் தொட்டியை வையுங்கள். தீனிப் பெட்டியைத் திறந்ததும் கண்ணாடியோரம் ஓடிவரும் அந்த மீன்கள், வளர்ப்பவரின் முகத்தை அடையாளம் கண்டுகொள்ள அதிக நாள் எடுத்துக்கொள்ளாது.